இப்ப நீங்க தனியா இருக்கியளா?

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நான் நழுவப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள்.

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். பெண்கள், குடும்பம், உடம்பு என்று ஆய்வு நடத்துகிற சின்ன இடம். முன்பெல்லாம் கேள்வித்தாளைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவோம். இப்போது எல்லாம் போனில்தான். ஒரு லிங்க் அனுப்பினால் போதும், அவர்களே திறந்து, பதிலைத் தொட்டுத் தொட்டு முடித்துவிடுவார்கள். யாரும் யார் வீட்டுப் படியையும் மிதிக்க வேண்டாம். அதுவே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் மனசார நம்பினோம்.

அந்த முறை ஆய்வு, வீட்டில் அடி வாங்கும் பெண்களைப் பற்றியது. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதற்கு முன்னால் ஒரு குழுவின் அனுமதி வேண்டும். பதில் சொல்கிறவர்களுக்கு நம்மால் என்னென்ன கெடுதல் வரலாம், வராமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்று படிவத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் தாராவிப் பகுதி முழுக்க என் தலையில் விழுந்தது. "கணவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டா?" என்று ஒரு கட்டம். நான் எழுதினேன்: "மிகக் குறைவு. கணவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் மட்டுமே லிங்க் அனுப்பப்படும்." எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. பெரிய மேதாவி!

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கட்டிடத்தில் வேலைக்குப் போவது என்றால் எட்டு மணிக்கு டிபன் டப்பாவோடு கீழே இறங்கி, ரயில் பிடித்து, ராத்திரி ஏழு மணிக்கு வேர்வையோடு திரும்புவது. நடுவில் வீடு அம்மாக்களுடையது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றால் அப்பா இல்லை என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வேறு விதமாக ஒரு வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான்.

தாராவியில் பெண்கள் குழு கூடுகிற ஓர் அறை உண்டு. செவ்வாய்தோறும் மத்தியானம் அங்கே போவேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, பட்டன் வைத்து மடித்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் இருந்தபடியே செய்வாள். செவ்வாய்க்கிழமை அந்த ஒரு மணி நேரம் வெளியே வருவாள். வந்தால் அறை முழுக்க அவள் சிரிப்புதான்.

கேள்விகளைத் தமிழில் அச்சடித்து முதல் தடவை காட்டியபோது அவள்தான் சொன்னாள்.

"யக்கா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் இந்தி ஸ்கூலு."

"அப்போ இந்திலயே அனுப்பறேன். அதுவும் இருக்கு."

"இந்தியில வேண்டாம்." தாளைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள். "வாங்குறது தமிழ்லதான யக்கா. அத எப்படி இந்தியில சொல்ல?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்கு அதே கதை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, எழுத்து என்றால் இந்தி எழுத்து. அப்போது எனக்கு மின்னல் மாதிரி ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் வைப்போம், அதைத் தொட்டால் குரல் கேள்வியையும் பதில்களையும் வரிசையாகப் படித்துச் சொல்லும். ஆபீஸில் எல்லோரும் கை தட்டாத குறை. குரல் யாருடையது? வேறு யாருடையது, என்னுடையதுதான்.

முதலில் நான் படித்துக் காட்டியது தாளில் இருந்தது இருந்தபடி: "தாங்கள் தற்போது தனிமையில் உள்ளீர்களா?" எல்லாக் கேள்விக்கும் முன்னால் வருகிற கேள்வி அது. இல்லை என்று தொட்டால் அங்கேயே முடிந்துவிடும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரி என்று எங்கள் வீட்டுப் பேச்சில் கேட்டேன்: "இப்போ நீங்க தனியா இருக்கேளா?" அதற்கு இன்னும் சிரிப்பு. ஒருத்தி உருண்டே போனாள்.

"நியூஸ் வாசிக்கவும் வேண்டாம், மாட்டுங்கா மாமியும் வேண்டாம்," என்றாள் அவள். "நான் சொல்லுதேன், அப்படியே சொல்லுங்க. இப்ப நீங்க தனியா இருக்கியளா?"

"இருக்கியளா," என்றேன்.

"ஆங். அது மனுசர் கேக்க மாரி இருக்கு."

அதற்காக ஒரு நாள் வீட்டில் என்னவோ சாக்குச் சொல்லிவிட்டுச் செம்பூருக்கே வந்தாள். பழைய பைல்கள் அடுக்கிய அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய, இரண்டு பேரும் உட்கார்ந்து இருபத்திரண்டு கேள்விகளையும் பதிவு செய்தோம். "துன்புறுத்தல்" என்று நான் படித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அப்படின்னா யாருக்குத் தெரியும்? அடின்னு சொல்லுங்க."

"இவ்வளவு பச்சையாவா கேக்கறது?"

"பச்சையாத்தான யக்கா வாங்குதோம்."

ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். எவ்வளவு முயன்றாலும் என் நாக்கு முழுசாகத் திருநெல்வேலிக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. பரவாயில்லை, புரியும் என்றாள். டீ வந்தது. அவள் போனை மேஜை மேல் வைத்து, பதிவானதைப் போட்டுக் கேட்டோம். கட்டிடமே அதிர்கிற மாதிரிக் கத்தியது.

"காதுல வச்சுக் கேக்கிறது கெட்டுப் போச்சு, ஸ்பீக்கர் மட்டுந்தான். ஏம் போனுக்கு ரகசியம் பேசத் தெரியாது யக்கா."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"வீட்ல சத்தமாக் கேட்டா பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"மேல ஏறிட்டா ஒண்ணும் இல்ல. கீழ மிஷின் ஓடும். அந்தச் சத்தத்துல இடியே விழுந்தாலும் தெரியாது."

கீழே மிஷின் என்றாள். யாருடைய மிஷின், யார் ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் புருஷன் தையல்காரன் என்பது எனக்குத் தெரியும். பகலில் வேலைக்குப் போய்விடுவான் என்று அவளே சொல்லியிருந்தாள். இரண்டும் என் காதில் விழுந்தன, ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்கிற புத்திதான் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் என் தலையிலும் இல்லை.

லிங்க் போன நாலாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கால் வந்தது. அவள்தான். மருந்துக் கடைக்காரரிடம் போன் வாங்கிப் பேசுகிறாள். குரலில் சிரிப்பு இல்லை. முதலில் யார் என்றே எனக்குப் புரியவில்லை.

"யக்கா, இனி எனக்கு மெசேஜ் அனுப்பாதிய."

"என்ன ஆச்சு?"

சொன்னாள். அவர்கள் வீடு என்பது மேலே ஒரு அறை, இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். கீழே எட்டு மிஷின். அதில் ஒன்றில் அவள் புருஷன். வேலைக்குப் போவது என்றால் அந்த ஏணியில் இறங்குவது. லிங்க் போன அன்று காலையில் பதினோரு மணிக்கு மெசேஜ் வந்ததும் அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றி, மடியில் சட்டையோடு கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்கும், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பதிலைத் தொடுவாள், திரும்ப நூலைக் கத்தரிப்பாள். தாராவியில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் போனை அப்படித்தான் கேட்பார்கள். ஒன்பது கேள்வி முடிந்தது. பத்தாவது கேள்வி ஆரம்பிக்கும்போது கீழே மெயின் ட்ரிப் ஆகிக் கரண்ட் போய்விட்டது.

"எட்டு மிஷினும் ஒரேயடியா நின்னுட்டு யக்கா. ஒங்க குரல் மட்டும் கேட்டுது."

பத்தாவது கேள்வி எது என்று எனக்கு மனப்பாடம். ஒங்க வீட்டுக்காரவிய கடேசியா ஒங்கள எப்ப அடிச்சாவ? இந்த வாரமா, போன மாசமா, அதுக்கும் முந்தியா?

"நிப்பாட்டலையா?" என்றேன். பக்கத்தின் மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி வைத்திருந்தோம். தொட்டால் உடனே மறைந்து வானிலைச் செய்தி வந்துவிடும். படிவத்தில் அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தேன்.

"மடி நெறைய சட்ட. எந்திரிச்சு எட்டுததுக்குள்ள முழுசாக் கேட்டுட்டு. கீழ ஒருத்தன் சிரிச்சிட்டான். அந்தச் சிரிப்புதான் யக்கா."

 என்ன கேட்பது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அடிச்சாரா?"

  நான் கேட்டது பத்தாவது கேள்வியேதான்.

"அத விடுங்க," என்றாள். "போன அவிய வாங்கி வச்சிக்கிட்டாவ. ஒங்க குரலப் போட்டுப் போட்டுக் கேக்காவ. இவ யாருட்டி, நம்ம பேச்சப் பேசுத மாரி நடிக்கா, இந்தக் குரல எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்ன்னாவ. யாருன்னு கேட்டாவ. நான் சொல்லல."

"ஐயோ, சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒங்களையும் தேடி வருவாவ, குழுவுக்கும் வருவாவ. மத்தப் பொம்பளையளும் மாட்டும். நான் சொல்லல யக்கா. நீங்க மெசேஜ மட்டும் நிப்பாட்டுங்க."

கடைக்காரர் போனைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், லைன் போய்விட்டது.

ஒரு மெசேஜை நிறுத்துவது என்ன பெரிய காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். பாதியில் விட்டவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை தானாகவே நினைவூட்டல் போகும்: "உங்கள் பதில்கள் இன்னும் முழுமையடையவில்லை. தொடர இங்கே தொடவும்." தமிழ் எழுத்தில். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் புருஷன் ஊரில் எட்டாவது வரைக்கும் தமிழ் படித்தவன்.

எங்கள் ஆய்வின் தலைவி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நல்ல பெண். எதிரே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் சொன்னது என்ன? எந்தப் பதில் எந்த நம்பருடையது என்று நம் யாருக்கும் தெரியாதபடிதான் பூட்டி வைத்திருக்கிறோம், அவர்களைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தோம், இப்போது ஒருவரை மட்டும் தேடி எப்படி எடுப்பது என்றாள். அரே, நம்பர் என்னிடம் இருக்கிறதே என்றேன். அதை நீங்கள் வைத்திருப்பதே தவறு என்றாள்.

"அப்போ எல்லாருக்கும் நிறுத்து," என்று கத்தினேன். ஆபீஸில் அதுவரை நான் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. நிறுத்தினார்கள். மேலே கேட்டு, கீழே சொல்லி, அந்த மென்பொருளைப் பார்க்கிறவர்களுக்கு எழுதி, நிறுத்துவதற்குள் இரண்டு நினைவூட்டல்கள் போய்விட்டன. இரண்டும் அவன் கையில்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. மற்றப் பெண்களிடம் கேட்டால் "அவ வாரதில்ல" என்று கையில் இருக்கிற வேலையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவும் இல்லை. மருந்துக் கடைக்காரரிடம் இரண்டு தடவை விசாரித்தேன். அந்தம்மா இந்தப் பக்கமே வரலை என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு நடந்ததை எழுதி அனுமதிக் குழுவுக்குக் கொடுத்தேன். கூட்டத்தில் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். கெடுதல் நேர்ந்ததாகப் பதில் சொன்னவர் யாராவது புகார் செய்திருக்கிறாரா என்று கேட்டார்கள். புகார் செய்வதற்கான நம்பர் கடைசிப் பக்கத்தில், இருபத்திரண்டாவது கேள்விக்கு அப்புறம் இருக்கிறது. அவள் அதுவரை போகவில்லை. ஆகவே புகார் இல்லை.

அவளுடைய ஒன்பது பதில்களையாவது அழித்துவிடுங்கள், என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அவரே கேட்டால் மட்டும்தான் பூட்டைத் திறந்து பதிலை அழிக்கலாம், உங்கள் வாயால் கேட்டால் செல்லாது என்றார்கள். குரலை நடுவில் மாற்றினால் முன்னால் வந்த பதிலோடு பின்னால் வருவதை ஒப்பிட முடியாமல் போய்விடும் என்றார்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்: "ஹெட்போன் பயன்படுத்துவது நல்லது." அதைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்து பாண்டுப் பகுதித் தமிழ்ப் பெண்களிடம் ஆரம்பிக்கப் போகிறோம், இந்தக் குரல் பெண்களுக்குப் பிடித்திருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று ஒருவர் சொன்னார். அப்படியே முடிவானது.

அவள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். 'என்னை விட்டுடுங்க' என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், பதிலையும் எடுக்கலாம், என் குரலையும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடலாம். அதைவிட முக்கியம், அவள் எப்படி இருக்கிறாள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கும்.

ஒரு மத்தியானம் போனேன். சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொன்று. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்பு ஒருமுறை அவள் சொன்ன அடையாளங்களை வைத்துக் கண்டுபிடித்தேன். மாட்டுங்காவிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நடந்து வந்து இந்த ஏணியைப் பார்த்திருந்தால், அந்தக் கட்டத்தில் அப்படி எழுதியிருப்பேனா? கீழே எட்டு மிஷின். எட்டு ஆள். கதவே கிடையாது. ஏணி அவர்கள் நடுவிலிருந்து மேலே போயிற்று. அவள் வீட்டுக்குப் போவதென்றால் அந்த எட்டுப் பேர் முன்னால் ஏறித்தான் போக வேண்டும்.

நான் நிற்பதைப் பார்த்து முதல் மிஷினில் இருந்தவன் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து வந்தான். கழுத்தில் இஞ்ச் டேப். ஒல்லியான ஆள், பார்க்கச் சாதுவாக இருந்தான்.

"யாரத் தேடுதிய?"

வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது. இந்தக் குரல எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். இவன்தான் அவள் புருஷனாக இருந்தால்? நான் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும். இந்தியில் பேசினாலும் குரல் இதே குரல்தானே. ஊரெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான், வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

"யாரு வேணும்மா?" என்றான் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

மேலே ஏணி முடிகிற இடத்தில் அவள் தலை தெரிந்தது. கையில் சட்டை. வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுந்தது, முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. மறு பாதியில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். வா என்றோ போ என்றோ ஒரு சைகையாவது காட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"யாருட்டி இது, ஒனக்குத் தெரியுமா?" என்று அவன் மேலே பார்த்துக் கேட்டான்.

"தெரியலையே," என்றாள் நிதானமாக. "பேச்சு வராது போல. பாவம், வழி தப்பி வந்திருக்காவ. ரோட்டுக்குப் போற வழியக் காட்டி விடுங்க."

தலை உள்ளே போய்விட்டது.

அவனுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. பேச்சு வராதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, கையாலேயே பேசினான். இப்படி வா என்று கூப்பிட்டு, தரையில் ஓடுகிற சாக்கடைத் தண்ணீரைத் தாண்டச் சொல்லிக் காட்டி, சந்து திரும்புகிற இடம் வரை கூடவே வந்தான். நேராகப் போய், இடது கைப் பக்கம், அப்புறம் பெரிய ரோடு. விரலால் காற்றில் படம் போட்டுக் காட்டினான். புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்தது என்று தலையாட்டினேன். கும்பிடு வேறு போட்டேன்.

அவன் திரும்பிப் போனான். முனையில் நின்று பார்த்தேன். ஏழு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் தன் மிஷினுக்குப் போகவில்லை. பாக்கெட்டிலிருந்து அவள் போனை எடுத்து, எதையோ தொட்டு, மிஷின் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டி வைத்தான். என் பக்கம் திரும்பி, மூடியிருந்த என் வாயையே ஒரு தடவை பார்த்தான். பிறகு ஏணியில் ஏற ஆரம்பித்தான்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.